'அதே சொட்டு மருந்து கொடுங்க!' - பழைய மருந்துச்சீட்டு எனக்கு வைத்த ஆப்பு

போன வருஷம் ஒரு நைட் ஷிஃப்ட்டில் ஆரம்பித்தது. வலது கண் ரத்தச் சிவப்பு. மானிட்டர் வெளிச்சம் பட்டாலே உள்ளே யாரோ குத்துவதுபோல வலி. "மெட்ராஸ் ஐ போல... தள்ளி உட்காரு" என்றார்கள் டெஸ்க்கில். ஆனால் பீளை இல்லை, இமை ஒட்டவும் இல்லை.

கண் டாக்டர் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, "ஐரைட்டிஸ். கண்ணுக்குள்ள இருக்கிற ஐரிஸ்ல அழற்சி" என்றார். ஸ்டீராய்டு சொட்டு மருந்து எழுதினார், பிரெட்னிசோலோன். முதலில் 2 மணி நேரத்துக்கு ஒரு சொட்டு, பிறகு வாரா வாரம் குறைத்து 6 வாரத்தில் நிறுத்த வேண்டும். பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மருந்து அடியிலேயே தங்கிவிடுமாம். கண்மணியை விரிக்க இன்னொரு சொட்டு. அதை ஊற்றிக்கொண்டு மொபைல் பார்ப்பது நரகம். ரெண்டே நாளில் வலி போய்விட்டது.

நான் சொதப்பியது அதற்குப் பிறகுதான். கண் லேசாகச் சிவந்தாலே பழைய சீட்டைக் காட்டி அதே மருந்தை வாங்கினேன். கடையில் தேதியைக்கூடப் பார்க்கவில்லை. ஊற்றினால் கண் பளிச்! 3 மாதம் இப்படியே ஓடியது.

"ஏன்டி, 6 வார மருந்தை எத்தனை மாசம் ஊத்துவ?" என்று அம்மாதான் இழுத்துப்போனார். கண்ணழுத்தம் 32. சாதாரணமாக 10 முதல் 21-க்குள் இருக்க வேண்டும். வலியில்லை, மங்கல் இல்லை, எனக்கு எதுவுமே தெரியவில்லை.

"கண்ணுக்குள்ள சுரக்கிற நீர் வெளியேறுற வழியை ஸ்டீராய்டு சிலருக்கு அடைச்சிடும். அழுத்தம் ஏறி பார்வை நரம்பு செத்தா திரும்பாது. இதுவே ஹெர்பிஸ் கிருமியா இருந்திருந்தா, ஸ்டீராய்டு ஊத்தி நீயே புண்ணை வளர்த்திருப்ப" என்றார் டாக்டர்.

"இன்னிக்கே நிறுத்திடறேன் டாக்டர்."

"இப்போ உள்ளே அழற்சி இல்ல, நிறுத்தலாம். இருந்திருந்தா சட்டுனு நிறுத்தவும் கூடாது. திரும்ப வந்துடும்."

அப்படியென்றால் அந்தச் சிவப்பு? ஸ்க்ரீனைப் பார்த்தபடி இமைக்க மறந்ததால் வந்த வறட்சி. அதற்குச் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டே போதுமாம்! அழுத்தம் குறைய வேறு மருந்து கொடுத்தார். சில வாரங்களில் 17-க்கு இறங்கியது. நரம்புப் பரிசோதனை முடிவு வரும்வரை அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. நல்லவேளை, பாதிப்பில்லை.

போன வாரம் டெஸ்க்கில் ஒரு தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டே, "அக்கா, அந்தச் சொட்டு மருந்து பேர் என்ன?" என்றான். டாக்டர் நம்பரை அனுப்பினேன்.