ஆயிரத்தின் படிகள்

இருமல் மருந்துப் புட்டியைத் திறந்ததும் எழும் பெப்பர்மின்ட் வாசனை என்னை ஒருபோதும் இருந்த இடத்தில் இருக்க விடுவதில்லை. பேரனுக்கு மருந்து ஊற்ற, பிளாஸ்டிக் மூடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, 2.5, 5, 10 என்று நிறமில்லாமல் புடைத்திருக்கும் கோடுகளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே, மனசு அறுபதுகளின் டவுன் ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய், கழுவிக் கவிழ்த்த வெறும் புட்டியோடு அம்மாவின் பின்னால் வரிசையில் நின்றுவிடும்.

கம்பி வலைக்குப் பின்னால் இருந்த கம்பவுண்டர், காதோரம் நரைத்து, அரைக்கைச் சட்டையில் டிங்சர் கறையோடு, அதிகம் பேசாதவர். நாம் கொண்டுபோகும் புட்டியில்தான் சிவப்பு மிக்ஸர் ஊற்றித் தருவார், பிறகு ஒரு காகிதத் துண்டின் விளிம்பைக் கத்தரியால் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் புட்டியின் பக்கவாட்டில் ஒட்டுவார், ஒரு பல் ஒரு வேளை. அவுன்ஸ் கிளாஸில் அளந்து பழகிய கை அது, ஒரு அவுன்ஸ் என்பது ஏறக்குறைய 28.4 மில்லி. மில்லிக் கோடு போட்ட கிளாஸ் புதிதாக வந்தபோது, இரண்டையும் அருகருகே வைத்து, தண்ணீரை இதிலிருந்து அதற்கும் அதிலிருந்து இதற்கும் மாற்றி மாற்றி ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார், வரிசை நகராமல் நின்றது, அவர் அவசரப்படவில்லை. குழந்தைக்கு 5 மில்லி என்று அம்மாவுக்குச் சொன்னவர், அது எவ்வளவு என்று தம் உள்ளங்கைக் குழியில் தண்ணீர் விட்டுக் காட்டினார்.

அந்தக் குழி இருநூறு முறை நிறைந்தால் ஒரு லிட்டர், ஆனால் லிட்டர் எனக்கு மண்ணெண்ணெய் வாசனையோடுதான் அறிமுகமானது. எடை, அளவைகளுக்கான சட்டம் 1956-இல் வந்து, 1958 அக்டோபரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நாடெங்கும் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த காலம், தெருமுனைக் கடைக்கு அது தகரக் குவளைகளாக வந்து சேர்ந்தது, ஒரு லிட்டர், அரை லிட்டர், 200, 100, 50 மில்லி என்று பீப்பாய்க்கு மேலே ஆணியில் வரிசையாகத் தொங்கும், சாயங்கால வெயில் அவற்றின் அடிப்பாகத்தில் மஞ்சளாகப் படிந்திருக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி என்று விரல்களில் எண்ணி வளர்ந்த பாட்டிக்கு அந்தப் படியே ஊருக்கு ஊர் மாறும் என்பது பழகிய தொல்லை, அதனால் புது அளவையும் அவள் சொல்லை நம்பி ஏற்கவில்லை, ஒரு லிட்டர் குவளை வாங்கிவரச் சொல்லி, முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, தண்ணீர் விட்டே பார்த்தாள். எங்கள் வீட்டுப் படி ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே, ஆழாக்கு 200 மில்லிக்குக் கிட்டத்தட்ட. “இதுவும் ஆழாக்குதான்டி, பயப்படாதே” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, மறுநாள் காலையிலிருந்து காப்பிக்குப் பாலை மில்லியில் வாங்க ஆரம்பித்தாள். நல்லெண்ணெய்க் குவளை தண்ணீர்க் குவளையைவிட லேசாக இருக்கிறது என்பதும் அவள் கைக்குத் தெரிந்திருந்தது, தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ, எண்ணெய் 910, 920 கிராம்தான்.

ஒரு கிலோ தண்ணீர் என்ற அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறு உண்டு என்பதைக் கல்லூரி வேதியியல் கூடத்தில்தான் கேட்டேன், அமில நெடி, உயரமான ஜன்னல்கள், எண்ணெய் இறங்கிக் கறுத்த மேசைகள், நரைத்த புருவத்தோடு ஒரு பேராசிரியர். பியூரெட்டின் அளவைப் பார்க்கக் குனிந்து, கண்ணைத் திரவத்தின் கீழ்ப்பிறைக்கு நேராகக் கொண்டுவந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வாசிப்பது அவர் வழக்கம். பழைய கண்ணாடிகளில் சி.சி. என்றும் புதியவற்றில் மி.லி. என்றும் இருந்ததை ஒருவன் கேட்டான். 1901-இல் ஒரு கிலோ தூய தண்ணீர், அதன் அடர்த்தி மிகுந்திருக்கும் நிலையில், அடைத்துக்கொள்ளும் இடமே லிட்டர் என்று வகுத்தார்கள், அது 1000 கன சென்டிமீட்டருக்கு 0.028 கூடுதலாகப் போயிற்று, 1964-இல் அந்த வரையறையைக் கைவிட்டு, பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள பெட்டியின் கொள்ளளவே லிட்டர் என்று நேர்செய்தார்கள் என்று சொன்னார். அரைச் சொட்டு வித்தியாசத்துக்கு உலகம் அறுபது வருஷம் மெனக்கெட்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது குரலில் மரியாதை இருந்தது.

பெரியப்பாவுக்குச் சொட்டுகளோடு வேலை இல்லை, பொதுப்பணித் துறையில் மதகு பார்த்தவர், வெற்றிலையும் ஈர மண்ணும் கலந்த வாசனை அவரைச் சுற்றியே இருக்கும், பேச்செல்லாம் கன அடி, நூறு கோடி கன அடியான டி.எம்.சி. வினாடிக்கு ஒரு கன அடி என்றால் எவ்வளவு என்று வாய்க்கால் கரையில் கேட்டதற்கு, “ரெண்டு குடம்டா” என்றார், கணக்குப் போட்டால் 28.3 லிட்டர். ஓய்வுபெற்ற பிறகு மொட்டை மாடியில் ஒரு மீட்டர் நீளம், அகலம், ஆழத்தில் தொட்டி கட்டியபோது, ஒரு டன் தண்ணீர் தலைக்கு மேலே நிற்கப் போகிறது, தூண் தாங்குமா என்று கொத்தனாரை ஓயாமல் கேட்டார். நீளத்தில் நூறு சென்டிமீட்டர்தான், ஆனால் தொட்டிக்குள் பத்து லட்சம் கன சென்டிமீட்டர், ஆயிரம் லிட்டர் என்பது அந்தக் கவலையில்தான் எனக்கு விளங்கியது. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யில் அப்படி ஏறக்குறைய 265 கோடித் தொட்டிகள்.

கம்பவுண்டரின் மில்லி, அதன் ஆயிரம் மடங்கு பாட்டியின் லிட்டர், அதன் ஆயிரம் மடங்கு பெரியப்பாவின் கன மீட்டர், மெட்ரிக் கொள்ளளவு முழுவதும் இந்த இரண்டு படிகளில் ஏறி இறங்குவதுதான். பேரனின் வீட்டுப்பாடத்திலும் அதுவே இருக்கிறது, 3.5 கன மீட்டர் எத்தனை லிட்டர் என்றால் புள்ளியை மூன்று இடம் தள்ளி 3500 என்று சரியாக எழுதிவிடுகிறான், ஆனால் குளியலறை வாளி எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்டால் போனை எடுக்கிறான். பால் பாக்கெட்டில், தண்ணீர் பாட்டிலில், எண்ணெய் உறையில் எல்லாவற்றிலும் அளவு அச்சிட்டே வருகிறது, அளக்க வேண்டிய அவசியம் வீட்டைவிட்டுப் போய்விட்டது, அந்த இடத்தில் புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கிறது.

முன்பெல்லாம் இதைக் காலத்தின் போக்கு என்று விட்டுவிடுவேன். நடுவயதைத் தாண்டிய பிறகு புது அளவைக் கற்ற அந்தப் பெரியவர்கள் ஒருவரும் அட்டவணையை மனப்பாடம் செய்யவில்லை, ஊற்றிப் பார்த்தே கற்றார்கள், அதனால் பிசகவில்லை என்பது இப்போது தெரிகிறது. ஆசிரியர்களும் பெற்றோரும் இதைச் செய்யலாம், பெரிய செலவில்லை: பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் உள்ள ஒரு பெட்டி, ஒரு வாளி, ஒரு மருந்து மூடி. புள்ளியைத் தள்ளக் கற்றுக்கொடுக்கும் முன், பிள்ளைகளைத் தண்ணீர் ஊற்றி அளக்க விடுங்கள்.