நிலைகொள்ளாத கண்கள்

"கண்ணை எங்கே வைத்திருக்கிறாய்?"

நம் பேரனிடம் இக்கேள்வியை எத்தனை முறை கேட்டிருப்போம் என்பதற்குக் கணக்கில்லை. மஃரிபுக்குப் பின் புத்தகத்தோடு அமர்வான். ஒரு வரி வாசிப்பான். பார்வை ஜன்னலுக்குத் தாவும்; சுவரில் பல்லி அசைந்தால் அதன் பின்னே செல்லும். பிடிவாதம் என்றே எண்ணினோம். ஒருநாள் பொறுமையிழந்து, அவன் முகவாயைப் பற்றிப் புத்தகத்தின் பக்கம் திருப்பினோம்.

"பார்க்கக் கூடாதுன்னுதான் நினைக்கிறேன், நன்னா. கண்ணு தானாப் போயிடுது" என்றான், அழுகையை அடக்கிக்கொண்டு.

அச்சொல்லை அன்று நாம் நம்பவில்லை. பின்னர் மருத்துவர், வீட்டிலும் பள்ளியிலும் அவன் நடந்துகொள்ளும் முறையைத் தீர விசாரித்து, கவனக் குறைபாடும் மிகை இயக்கமும் சேர்ந்த ஏ.டி.எச்.டி. என்றார். அதன் பிறகே அதைப் பற்றிப் படிக்கலானோம்.

வாசிக்கும் கண் வரியின் மேல் வழுக்கிச் செல்வதில்லை. சிறு சிறு தாவல்களாகச் செல்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் பின் ஏறத்தாழக் கால் நொடி நிற்கிறது. அந்த நிற்றலில்தான் எழுத்து மனத்தில் பதிகிறது. ஆகவே தாவுதல் குற்றமன்று; உரிய இடத்தில் நிற்பதே அரிது.

1978-இல் ஹாலட் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையை வகுத்தார். நடுவிலுள்ள புள்ளியைப் பார்த்திருக்கும்போது ஓரத்தில் ஓர் ஒளி தோன்றும். அதைப் பாராமல் எதிர்ப்புறம் நோக்க வேண்டும். சிறு பிள்ளைகள் எல்லோருமே இதில் அடிக்கடி தவறுவர். வயது ஏற ஏற அடக்கும் ஆற்றல் முதிரும். கனடாவில் முனோஸ் முதலிய ஆய்வாளர்கள் 6 முதல் 59 வயது வரையிலானோரிடம் இதனை நடத்தி, 2003-இல் முடிவை வெளியிட்டனர். ஏ.டி.எச்.டி. உடையோர் 114 பேர். இல்லாதோர் 180 பேர். உடையோரே மிகுதியாக ஒளியின் பக்கம் இழுபட்டனர். புள்ளியின் மேல் பார்வையை நிறுத்தச் சொன்னபோதும் அவர்கள் கண்கள் வேண்டாத தாவல்கள் செய்தன. எழும் பார்வையை அடக்கி நிறுத்தும் மூளையின் கடிவாளம் அவர்களிடம் தளர்ந்திருக்கிறது. நம் பேரன் அழுகையோடு சொன்னதும் இதுவன்றி வேறு யாது?

கண்ணோட்டத்தை மட்டும் கண்டு இக்குறையை எவரும் முடிவு செய்துவிடலாகாது. அது மருத்துவரின் பணி. நாம் செய்யக்கூடியவை சில உண்டு. அவன் மேசையை ஜன்னலிலிருந்து விலக்கி வைத்தோம். ஓதப் பழகும் பிள்ளைகள் எழுத்தின் மேல் விரல் வைப்பது போல, பாடத்தின் வரிக்கடியிலும் ஓர் அட்டையை வைக்கச் சொன்னோம். கால் மணிக்கொரு முறை எழுந்து நடக்க விட்டோம். குறை முற்றும் அகன்றதென்று சொல்லமாட்டோம். மாலை வேளையின் அச்சம் அகன்றது.

முகவாயைத் திருப்பிய செயலுக்காக அவனிடம் மன்னிப்பும் கேட்டோம். "பரவாயில்லை, நன்னா" என்றான். அப்போதும் அவன் பார்வை ஜன்னலில்தான் இருந்தது. ஆயினும் ஒரு சொல் விடாமல் கேட்டிருந்தான்.

பிள்ளையின் கண் விலகக் கண்டு கை ஓங்கும் முன், அவன் சொல்வதை ஒருமுறை கேளுங்கள். நாம் காலந்தாழ்ந்து கற்ற பாடம் இது.