வெடியோசை கேளாத ஊர்

தீபாவளியன்றும் வெடியோசை கேளாத ஊர் தமிழ்நாட்டில் உண்டு என்றால் வாசகர்கள் வியப்படையலாம். சிவகங்கை மாவட்டத்தில், மேலூரிலிருந்து திருப்பத்தூர் செல்லும் சாலையை அடுத்துள்ள கொள்ளுக்குடிப்பட்டியும் வேட்டங்குடிப்பட்டியும் அத்தகைய ஊர்களாகும். மழைக்காலந்தோறும் தங்கள் கண்மாய்களை நாடி வரும் பறவைகளுக்காக, அரை நூற்றாண்டுக்கு மேலாக அவ்வூரார் பட்டாசை விலக்கி வாழ்கின்றனர். 1977-ஆம் ஆண்டில் அரசு இக்கண்மாய்களைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஊராரின் காவலோ அதற்கும் முந்தியது.

பீடச் சிறுவர் சிலரை அழைத்துக்கொண்டு, தை மாதத்துக் காலைப் பொழுதொன்றில் நாம் அங்குச் சென்றோம். நீர் நடுவே நின்ற கருவேல மரங்களெல்லாம் வெண்பூப் பூத்தாற்போல் பறவைகள் நிறைந்திருந்தன.

முதலில் எம் கண்ணைக் கவர்ந்தது நத்தைகொத்தி நாரை. அதன் இரு அலகுகளும் நடுவில் ஒன்றோடொன்று பொருந்தாமல் இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுகளுக்கு இவ்விடைவெளி இல்லை. வளர வளரத்தான் தோன்றுகிறது. நத்தையின் ஓட்டை இது உடைப்பதில்லை. கீழலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்தி, சதையை அறுத்தெடுத்து விடுகிறது. அருகிலேயே வக்கா என்னும் இராக்கொக்கு உறங்கி வழிந்துகொண்டிருந்தது. மற்றப் பறவைகள் அடையும் வேளையில்தான் அதற்கு வேலை தொடங்கும். நீர்க்காகமோ மீனுக்காக மூழ்கி எழுந்து, நனைந்த சிறகுகளை விரித்து வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியதும் ஒரு காட்சி கண்டோம். நாரையொன்று கூட்டின் மேல் நின்று, சிறகுகளைப் பாதி விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் செய்தது. தன் முதுகு வெயிலில் காய்ந்தாலும் அது அசையவில்லை. வெடியோசைக்கு அஞ்சி இத்தாய் ஒருமுறை பறந்துவிட்டால் போதும். காத்திருக்கும் காகமும் பருந்தும் முட்டைகளையும் குஞ்சுகளையும் கவர்ந்து சென்றுவிடும்.

கரையிலிருந்த முதியவர் ஒருவரிடம், "பண்டிகை நாளில் பிள்ளைகள் வெடி கேட்டு அழுவதில்லையா?" என்று வினவினோம்.

அவர் சிரித்தார். "பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் வீட்டு வாசலில் யாராவது வெடி போடுவார்களா சாமி? இதைத்தான் பிள்ளைகளுக்கும் சொல்வோம். வேறென்ன சொல்ல?"

திருமணமானாலும் கோவில் விழாவானாலும் இவ்வழக்கம் மாறுவதில்லை என்றார். பறவைகளின் எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு நல்ல உரம் என்பதும் உண்மையே. ஆயினும் உரத்தைப் பற்றி அம்முதியவர் ஒரு சொல்லும் கூறவில்லை.

திரும்பும் வழியில், எம் அருகில் அமர்ந்திருந்த சிறுவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகு மெல்லக் கேட்டான்: "சாமி, நம் கோவில் புளியமரத்திலும் மடையான் கூடு கட்டியிருக்கிறதே? திருவிழாவுக்கு அதிர்வேட்டு அதன் அடியில்தானே போடுவார்கள்?"

ஆண்டுதோறும் அம்மரத்தடியில் நின்று வெடிக்காரரை ஆசீர்வதித்து அனுப்புகிறவர் நாமேயன்றோ! இவ்வாண்டும் முன்பணம் கொடுத்தாயிற்று. மரத்தில் கூடு இருப்பதை ஒருநாளேனும் நாம் அண்ணாந்து பார்த்ததில்லை.

வரும் ஞாயிறன்று விழாக் குழுவினர் கூடுகின்றனர். அச்சிறுவனையே அழைத்து, அவன் கேள்வியை அவர்கள் முன் மீண்டும் கேட்கச் சொல்ல எண்ணியுள்ளோம். முன்பணம் போனால் போகட்டும்.