சாமி கண்ணைக் குத்துமா?



போன மாதம் பிரதோஷத்தன்று நடந்ததை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

அபிஷேகம் முடிந்து எல்லாரும் பிரகாரம் சுற்றி வருகிற நேரம். சண்டிகேஸ்வரர் சந்நிதியில் வழக்கம்போல ஒரே கைதட்டல். பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு வந்த பையன் ஒருத்தன், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு இருக்கும், வரிசை பார்த்துக்கொண்டிருந்த எங்களிடம் கேட்டான்: "அங்கிள், ஏன் இங்க மட்டும் கை தட்டுறாங்க? இந்தச் சாமிக்குக் காது கேக்காதா?"

எங்களுக்குத் தெரியாது. இத்தனை வருஷமா தட்டிக்கிட்டு வரோம், ஏன்னு தெரியாது. அதை ஒத்துக்கொள்ள வெட்கம். "அப்படியெல்லாம் கேக்கக்கூடாது தம்பி, சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிவிட்டோம். பையன் முகம் சுருங்கிப் போச்சு.

அன்றிரவு அன்னதானப் பாத்திரம் கழுவும்போது எங்களில் ஒரு அண்ணன் சொன்னார்: "என் மகனுக்கும் இதேதான் சொல்லி வளர்த்தேன். இப்ப கோயிலுக்கு வாடான்னா, 'அங்க வந்து என்னப்பா பண்றது, ஒன்னுமே புரியல'ங்கிறான்." அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

எங்களில் பாதிப் பேருக்கு ஃபேக்டரி வேலை. மெஷின் நின்றால் ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்கிறோம். கோயிலில் ஒரு குழந்தை ஒரே ஒரு தடவை கேட்டதற்குப் பயந்துவிட்டோம்.

மறுநாள் குருக்கள் ஐயாவிடம் போய் நின்றோம். "இன்னைக்காவது கேட்டீங்களே" என்று சிரித்தார்.

சண்டிகேஸ்வரர் 63 நாயன்மார்களில் ஒருவர். சோழநாட்டுச் சேய்ஞலூரில் பிறந்தவர். பசுவை அடித்த இடையனைத் தடுத்து, சின்ன வயதிலேயே தானே மேய்க்க வந்தவர். மண்ணியாற்றங்கரையில் மணலால் லிங்கம் செய்து பால் அபிஷேகம் செய்தார். அந்தப் பாலை உதைத்துக் கவிழ்த்த தந்தையின் காலையே வெட்டினார். சிவபெருமான் அவரைத் தொண்டர்களுக்குத் தலைவராக்கி, தாம் உண்டதும் உடுத்ததும் சூடியதும் அவருக்கே என்று கொடுத்தார். அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி பக்கத்தில் அவர் இருக்கிறார். சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயில் நிலம், பணம் கொடுக்கல் வாங்கல் அவர் பெயரில் நடந்திருக்கிறது.

"கோயில் சொத்து எதையும் எடுத்துப் போகலைன்னு கையைக் காட்டுறோம். அவர் தியானத்துல இருக்கிறவர். படார்னு தட்டாம, மெல்லக் கையைத் துடைச்சுக் காட்டினா போதும். துணியில நூல் பிச்சுப் போடவும் வேணாம்" என்றார் குருக்கள்.

இன்னொன்றும் சொன்னார். அவருடைய இயற்பெயர் விசாரசருமர். விசாரம் என்றால் ஆராய்ந்து பார்ப்பது. அவர் சந்நிதியில் நின்றுகொண்டுதான் கேள்வி கேட்காதே என்றோம்!

அடுத்த பிரதோஷத்தில் அந்தப் பையனைத் தேடிப் பிடித்து, "அன்னைக்கு அங்கிள்களுக்குத் தெரியல, அதான் அப்படிச் சொல்லிட்டோம்" என்று சொல்லி, கதையையும் சொன்னோம். இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். பிறகு கேட்டான்: "அப்பா காலை வெட்டினது மட்டும் சரியா அங்கிள்?"

திகைத்துப் போனோம். ஆனால் இந்தத் தடவை, "எங்களுக்கும் அது புரியல தம்பி, வா, குருக்கள் ஐயாவையே கேப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனோம்.

அன்பர்களே, பிள்ளைகள் கேட்டால் வாயை மூடாதீர்கள். பதில் தெரியாவிட்டால் நாமும் சேர்ந்து கேட்போம். சாமி கண்ணைக் குத்தாது.

சிவாயநம.