பாட்டியின் பற்று வரவு

ஆய்வேட்டில் சேர்க்க முடியாத, ஆனால் எழுதாமல் விடவும் மனம் ஒப்பாத செய்தி ஒன்றை இங்கே பதிவு செய்கிறேன்.

மூணாறை அடுத்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவரின் வாய்மொழி நினைவுகளை இரண்டு ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். சென்ற சனவரியில், புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், மருந்து வாங்க அவரைக் காரில் கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. ஏறி அமர்ந்தவர் கதவை இழுத்தார். உள்பக்கக் கைப்பிடி அப்படியே அவர் கையோடு வந்துவிட்டது. திருகாணி ஏறும் இரண்டு காதுகளும் முறிந்திருந்தன.

“இது என்ன வெல தம்பி? எம்பேர்ல பத்து எழுதிக்கோ. பென்சன் வந்ததும் குடுத்துர்றேன்.”

பழைய கார், எப்போதோ உடையவேண்டியது என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அடுத்த மாதம் சென்றபோது காரில் ஏற மறுத்து நடந்தே கடைக்குப் போனார். அன்று ஒலிப்பதிவில் பதிந்தவை பெரும்பாலும் ‘ஆமா’, ‘இல்ல’ என்ற விடைகளே.

அந்த மௌனத்தின் காரணம் எனக்கு விளங்காமல் இல்லை. இம்மலைகளுக்குத் தொழிலாளர்களை அழைத்து வந்தது கங்காணி முறை. திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். மலையேறிய பின் அந்த முன்பணம் கூலியில் பிடிக்கப்பட்டது. வேலைக்கு வரும் முன்பே கடனாளியாகிவிடும் ஏற்பாடு அது. அவருடைய பாட்டி அப்படி வந்தவர். குடியிருக்கும் வீடும் வேலையோடு கட்டுண்டது. அத்தகைய வாழ்வில், கையில் உடைந்த பிறர் பொருள் ஒரு விபத்தன்று. தன் பெயரில் ஏறிய ஒரு பற்று.

ஆகவே அந்தக் கைப்பிடியைச் சரிசெய்வது என் ஆய்வுப் பணிகளுள் ஒன்றாயிற்று.

நான் தங்கியிருப்பது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கம். பாலக்காட்டின் பிற பகுதிகள் சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்தபோது, சித்தூர் கொச்சி அரசுக்கு உட்பட்ட தனித் துண்டாகக் கிடந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று மூன்றும் கேரளத்துக்குள் வந்தன. இன்றும் நான் சித்தூரிலிருந்து மூணாறு செல்வது பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாகத்தான். அதாவது, கேரளத்திலிருந்து கேரளத்துக்குத் தமிழ்நாட்டின் வழியே.

பாலக்காட்டில் ஒரு சர்வீஸ் நிலையத்தில் கேட்டேன். கைப்பிடி தனியாக வராதாம். ‘டோர் பேட்’ முழுவதையும் மாற்றவேண்டும், எட்டாயிரம் ரூபாய், மூன்று வாரம் காத்திருக்கவேண்டும் என்றார்கள். கோவை உக்கடத்தின் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினேன். கிடைத்த ஒன்று வலப்பக்கத்தது. மற்றொன்று இடப்பக்கத்தது, ஆனால் பழுப்பு நிறம். என் காரின் உட்புறமோ கறுப்பு. உடனே ஒட்டும் பசையில் சமையல் சோடாவைத் தூவி நானே ஒட்டிப் பார்த்தேன். இரண்டு நாள் நின்றது.

கடைசியில் கொழிஞ்சாம்பாறைச் சாலையில், ஆக்ரிக்கடை ஒன்றை ஒட்டிய சிறு பட்டறைக்குப் போனேன். (எல்லைக்கு அப்பால் காயலான்கடை, இப்பால் ஆக்ரிக்கடை.) மெக்கானிக் துண்டைத் திருப்பி, பின்புறத்துத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார். கோண அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள்: பி.பி.

“இது எந்தப் பசைக்கும் நிக்காதுங்க சார். இதோட இனத்தையே உருக்கி ஊத்தித்தானுங்க சேக்கணும்.”

பி.பி. என்பது பாலிப்ரோப்பிலீன். இத்தாலிய வேதியியலாளர் ஜூலியோ நாட்டா 1954-இல் அதன் படிகத்தன்மையுள்ள வடிவத்தை உருவாக்கினார். 1963-இல் கார்ல் சீக்லருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இதன் மேற்பரப்பில் பசை பரவிப் பிடிப்பதில்லை. ஏ.பி.எஸ். என்று பொறித்த பிளாஸ்டிக்காக இருந்தால் அசிட்டோன் அதைக் கரைக்கும், கரைத்து ஒட்டிவிடலாம். பாலிப்ரோப்பிலீனுக்கு அந்த வழியும் இல்லை. உறைநிலையை நெருங்கும் குளிரில் அது நொறுங்கும் தன்மையும் பெறும். பாலக்காட்டுக் கோடைவெயிலில் ஆண்டுக்கணக்கில் காய்ந்த துண்டு, மூணாற்றுப் பனிக்காலையில் இழுபட்டது. குற்றம் பாட்டியின் கையில் இல்லை.

மெக்கானிக் சுவரோரம் கிடந்த பழைய கறுப்புப் பம்பர் ஒன்றை எடுத்து, அதன் பின்புறத்திலும் அதே எழுத்துகள் இருப்பதை உறுதி செய்துகொண்டார். பெயின்ட்டைச் சுரண்டி, மெல்லிய பட்டைகளாக அறுத்தார். சூடான சால்டரிங் கோலால் விரிசலின் நெடுக ஒரு பள்ளம் இழுத்தார்; அதில் மெல்லிய எஃகு வலைத் துண்டைப் பதித்தார்; மேலே பம்பர்ப் பட்டையை உருக்கி நிரப்பினார். ஆறிய பிறகு திருகாணிக்குத் துளையிட்டார். முக்கால் மணி நேரம். முந்நூறு ரூபாய். பழைய கார் வைத்திருக்கும் நண்பர்கள் புதிய பாகம் வாங்குமுன், உடைந்த துண்டின் பின்புறத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மார்ச்சில் மீண்டும் மலையேறினேன். கைப்பிடியைக் காட்டினேன். அவர் ஏறி அமர்ந்து கதவை இழுத்துச் சாத்தினார். திறந்து, இன்னொருமுறை சாத்தினார்.

“எவ்வளவு ஆச்சு?”

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வழியெல்லாம் எண்ணியிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்தபின் பொய் வரவில்லை. முந்நூறு என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன்.

தகவலாளியிடம் பணம் பெறுவது முறையா என்று சிலர் கேட்கக்கூடும். என் நெறியாளரும் கேட்டார். மறுத்திருந்தால் என் பெருந்தன்மை விளங்கியிருக்கும். அவருடைய பற்று அப்படியே நின்றிருக்கும். மூன்று தலைமுறையாகப் பிறர் எழுதிய கணக்கில் வாழ்ந்த ஒருவர், தானே கணக்குக் கேட்டு, தானே அதைத் தீர்க்கிறார். அதைத் தடுக்க எனக்கு உரிமை இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன்.

“வரவு வச்சிட்டியா?” என்றார். களக்குறிப்பேட்டில் அவர் பார்க்க எழுதினேன். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். 300-ஐ விரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு கார் கடைத்தெருவை அடையும் முன்பே, நான் எதுவும் கேட்காமல், தம் பாட்டி முன்பணம் வாங்கி மலையேறிய கதையைத் தொடங்கினார். வண்டியை ஓரமாக நிறுத்தி ஒலிப்பதிவுக் கருவியை இயக்கினேன்.