மயிலோடு பழகியவர்கள்

ஃபீனிக்ஸ் பேயில் மயில் கிடையாது. கப்பலும் கயிறும், எண்ணெய் மிதக்கும் நீரும், பகல் முழுவதும் இரும்பின்மேல் சம்மட்டி விழும் ஓசையுமே அந்தப் பேட்டையின் லக்ஷணங்கள். ஸ்வராஜ் தீவுக்கும் ஷஹீத் தீவுக்கும், வடக்கே ரங்கத், டிக்லிபூர் முதலிய ஊர்களுக்கும் போகிற கப்பல்கள் அங்குள்ள ஜெட்டியிலிருந்து புறப்படுகின்றன. அவற்றைப் பழுது பார்க்கும் பட்டறையும் பக்கத்திலேயே இருக்கிறது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற அந்தமானின் போர்ட் பிளேர் நகரத்தில், தமிழும் தெலுங்கும் வங்காளியும் ஹிந்தியும் ஒரே தேநீர்க் கடை வாசலில் கலந்து ஒலிக்கிற இந்த இடத்துக்கு, மயில் வளர்ப்பைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒருவன் வருவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால், மேட்டை நோக்கி ஏறும் ஒரு சந்தில், அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கும் இருவர், மயிலோடு பழகும் வித்தையின் இரண்டு வேறு மார்க்கங்களை அறிந்தவர்கள். ஒருவர், பல வருஷங்கள் ராஸ் தீவில் பாதை செப்பனிட்டும் புல் அறுத்தும் வேலை செய்து இப்போது ஓய்வாக இருக்கும் பெரியவர். மற்றவர், தமிழ்நாட்டில் விராலிமலைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பிறந்து, மணமாகிக் கடல் கடந்து வந்து, எழுபது வயதைத் தாண்டிவிட்ட ஓர் அம்மாள். அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரைத் தம்பி என்பாள்.

பெரியவரோடுதான் முதலில் ராஸ் தீவுக்குப் போனேன். ஃபீனிக்ஸ் பேயிலிருந்து அபர்தீன் ஜெட்டிக்கு நடந்து, அங்கே படகேறினால் கால் மணி நேரத்துக்குள் அக்கரை வந்துவிடுகிறது. 2018-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. படகுக்காரர்கள் வாயில் இன்னும் ராஸ்தான். 1858-இல் அந்தமானில் தண்டனைக் குடியிருப்பை நிறுவிய பிரிட்டிஷார், இந்தச் சிறு தீவையே தங்கள் ராஜதானியாக வைத்துக்கொண்டு, கைதிகளின் உழைப்பால் மாதாகோயிலும் ரொட்டிக் கிடங்கும் நடன மண்டபமும் டென்னிஸ் மைதானமும் எழுப்பினார்கள். 1941 ஜூன் 26-ஆம் தேதி நேர்ந்த பூகம்பமும், மறு வருஷம் மார்ச்சில் வந்த ஜப்பானியப் படையும் அந்த வாழ்வை முடித்துவைத்தன. இன்று சுவர்களை ஆலின் இனத்து மரங்கள் வேர்களால் கட்டிப் பிடித்திருக்கின்றன. கூரை போன இடத்தில் ஆகாயம் இருக்கிறது. 1979 முதல் கடற்படை தீவைப் பராமரித்து வருகிறது. ஆண்டவர்கள் போய்விட்டார்கள், அழகுக்காக அவர்கள் கொண்டுவந்து விட்ட மயிலும் புள்ளிமானும் தங்கிவிட்டன.

அந்தமானின் பூர்விகப் பறவை அன்று மயில். பெருநிலத்துக் காட்டில் சிறுத்தையும் நரியும் காட்டுப்பூனையும் அதன் ஜன்ம சத்துருக்கள். ஆகையால் அங்கே மயிலின் ஒவ்வோர் அடியிலும் அச்சம் இருக்கும். அந்தமானிலோ சிறுத்தையும் நரியும் கிடையா. பகை குறைந்த நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பெருகி, மனிதனிடமிருந்தும் துன்பம் காணாத ஒரு கூட்டம், அவனைக் கண்டு ஓடவேண்டிய அவசியம் என்னவென்பதையே மெல்ல மெல்ல விட்டுவிட்டது. ஆயினும் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால், பெரியவரைப் போன்றவர்களின் உழைப்பை மறைத்தவன் ஆவேன்.

நான் போனது மழைக்காலம் தணிந்து வருகிற சமயம். ஆண்மயில்களுக்குத் தோகை உதிரும் பருவம் அது. சித்திரத்தில் காணும் மயிலை எதிர்பார்த்து வந்த யாத்திரிகர் சிலர், நீண்ட இறகுகள் பாதி போய் வாலின் பழுப்புச் சிறகுகள் வெளியே தெரிய நின்ற பறவையைக் கண்டு ஏமாற்றத்தோடு நகர்ந்தார்கள். ஆனால் எனக்கு, கழுத்தின் நீலம் அப்பொழுதுதான் முழுமையாகக் கண்ணில் பட்டது. தோகை என்று நாம் சொல்வது வால் அன்று. வாலின் மேல் முளைக்கும் போர்வை இறகுகள், மூன்றாம் வயதில்தான் முழு நீளத்துக்கு வளரத் தொடங்கி, ஆண்டுதோறும் உதிர்ந்து, மறு பருவத்துக்குள் மறுபடி வளர்கின்றன. இந்தச் செலவை வருஷந்தோறும் தாங்கும் உடம்புக்கு எவ்வளவு தீனி வேண்டும் என்பதைப் பெரியவர் தம் அனுபவத்தால் அறிந்திருந்தார். இறகு முளைக்கும் மாதங்களில் அவை புழு பூச்சியைத் தேடி அலைவதை அவர் கவனித்திருக்கிறார். ஆகவே அந்த மாதங்களில் உதிர்ந்த இலைக் குப்பையைக் கூட்டி எரிக்க அவர் சம்மதித்ததில்லை. பாதையின் மேல் கிடப்பதை மட்டும் ஓரத்துக்குத் தள்ளிவிடுவார். குப்பையைக் கிளறினால் மயிலுக்கு ஆகாரம் கிடைக்கும்.

அவர் பழகும் முறையை ஒரு காலை முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்றவர் ஆகையால், அந்த மயில்களுக்கு அவர் அன்று வெறும் விருந்தாளி. மயில் நிற்கும் திசையை நோக்கி அவர் நேராக நடக்கவில்லை. சாய்வாகச் சென்று, பக்கத்தில் உள்ள கல்லில், முகத்தைப் பறவைக்கு நேர் காட்டாமல் உட்கார்ந்தார். கையில் தீனி இல்லை. தொண்டையில் ஒரு சிறு ஓசை எழுப்பினார். அதை எழுத்தில் தருவது இயலாது. சற்று நேரத்தில் பெண்மயில் ஒன்று, கழுத்தை முன்னும் பின்னும் அசைத்தபடி வந்து, அவருடைய செருப்பின் வாரை இரண்டு முறை கொத்திப் பார்த்துவிட்டு, அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இறகு கோதத் தொடங்கியது. “முதுகக் காட்டுச்சுன்னா நம்புதுன்னு அர்த்தம், சார். கையில வந்து கொத்துறது நம்பிக்கை இல்ல, அது பசி” என்றார் அவர். அந்த வாக்கியத்தை அன்று முழுவதும் நான் மனத்தில் சுமந்து திரிந்தேன். இளநீர் குடித்தவர்கள் வழுக்கையை மானுக்கு நீட்டுவதும், பிஸ்கோத்தைக் காட்டி மயிலை அருகே இழுத்துப் படம் பிடிப்பதும் அங்கே சர்வ சாதாரணம். அவற்றைப் பெரியவர் வெறுப்பதில்லை. ஆனால் அதைச் சிநேகம் என்று அவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

மாலையில் ஃபீனிக்ஸ் பேக்குத் திரும்பி, அம்மாளின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் சொன்னது வேறு வித்தை, முட்டையிலிருந்து தொடங்குவது. அறுபதுகளில், அவள் பாவாடை கட்டிய சிறுமியாக இருந்த காலத்தில், சோளத் தட்டை அறுக்கிறவர்களின் அரிவாளுக்கு முன்னே சில சமயம் மயில் முட்டைகள் அகப்படும். தரையில் சிறு குழி பறித்து, நாலு முதல் ஆறு முட்டை வரை இடுவது மயிலின் வழக்கம். புதர் வெட்டுப்பட்டபின் தாய் திரும்பி வருவது அரிது என்பதால், அவளுடைய அப்பத்தா அவற்றை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து அடைக்கோழியின் கீழ் வைப்பாளாம்.

“கோழிக்கு இருபத்தோரு நாளு, மயிலுக்கு இருபத்தெட்டு நாளு. இதுதான் தம்பி கணக்கு. இந்தக் கணக்குத் தெரியாதவ கோழி முட்டையையும் மயில் முட்டையையும் ஒரே நாளுல வச்சுருவா” என்றாள். அப்படி வைத்தால், இருபத்தோராம் நாள் கோழிக்குஞ்சுகள் பொரிந்து வெளியே வரும். தாய் அவற்றை அழைத்துக்கொண்டு மேயப் போய்விடும். ஒரு வாரம் மீதியிருக்கிற மயில் முட்டைகள் குளிர்ந்துவிடும். அப்பத்தா மயில் முட்டைகளை முதலில் வைத்து, ஏழு நாள் கழித்துக் கோழி முட்டைகளைச் சேர்ப்பாள். இரண்டும் ஒரே சமயத்தில் பொரியும். படிப்பறியாத ஒரு மூதாட்டியின் இந்தக் கணிதத்தைக் கேட்டபோது எனக்கு உண்டான மரியாதையைச் சொல்லி முடியாது.

பொரித்தபின்தான் கஷ்டம். கோழிக்குஞ்சு தாய் கீறிக் காட்டிய இடத்தில் தானே பொறுக்கும். மயில்குஞ்சுக்கோ முதல் நாட்களில் தாய் தன் அலகிலேயே இரையை ஏந்திக் காட்டவேண்டும். தரையில் இறைத்த நொய்யை அது சட்டை செய்யாது. ஆகவே வளர்ப்பவளின் விரல் நுனியே தாயின் அலகாக வேண்டியிருந்தது. விரலில் எடுத்துக் கொடுப்பது கறையான். உடைந்த பானையில் சாணமும் சாக்குத் துண்டும் திணித்து, நீர் தெளித்து, புற்றுக்கு அருகில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் விடியலில் உள்ளே கறையான் அப்பியிருக்கும். அதைக் குஞ்சுகளுக்கு ஒவ்வொன்றாக ஊட்டுவது அவளுடைய வேலை. இரவில் இன்னொரு தொல்லை. கோழி தரையில் பஞ்சாரத்துக்குள் அடங்கும். மயில்குஞ்சோ சிறகு முளைத்தபடியே பிறப்பது. இரண்டு வாரத்துக்குள் கிளையைத் தேடித் தாவும். பஞ்சாரத்தின் இடுக்கில் தலையை நுழைத்துக்கொண்டு செத்த குஞ்சுகளை அவள் இன்றும் எண்ணி வருந்துகிறாள். கோழிகளோடு கலந்து மேய்வதால் வரும் ஆபத்தும் உண்டு: கோழியின் குடற்புழு வழியாகப் பரவும் ஒரு நோய்க் கிருமி, கோழிக்குப் பெரும் தீங்கு செய்யாமல், மயில்குஞ்சின் ஈரலைத் தாக்கிக் கொல்லக்கூடியது. காரணம் அந்நாளில் அவர்களுக்குத் தெரியாது. குஞ்சு சுருண்டு விழுந்ததுமட்டும் தெரியும்.

பிழைத்த ஒன்று அவள் பின்னாலேயே திரிந்தது. பள்ளிக்கூட வாசல் வரை வந்து, அவள் திரும்பும்வரை கூரைமேல் நின்று அகவிற்று. மூன்றாம் வருஷம், தோகை வந்ததும், அது அவளுக்கு எதிரே விரித்து ஆடத் தொடங்கியது. தெருவில் போகும் ஆண்களைக் காலின் முள்ளால் அடித்தது. ஊரார் சிரித்தார்கள். அப்பத்தா சிரிக்கவில்லை. “அது தன்னை மயிலுன்னு நினைக்கல” என்று சொல்லி அவள் கவலைப்பட்டாளாம்.

அந்தக் கவலை எவ்வளவு நுட்பமானது என்பதை எண்ணும்போது, வியன்னா நகரத்து ஷோன்புருன் மிருகக்காட்சிச் சாலையைப் பற்றி விஞ்ஞானி கான்ராட் லோரன்ஸ் எழுதிய வரலாறு நினைவுக்கு வருகிறது. குளிருக்குத் தப்பிய ஒரே மயில்குஞ்சை, வெப்பம் நிறைந்த ஊர்வனவற்றின் கூடத்தில் ராக்ஷச ஆமைகளோடு வளர்த்தார்கள். வளர்ந்தபின் அது பெண்மயில்களை ஏறிட்டும் பாராமல், தன் ஆயுள் முழுவதும் ஆமைகளுக்கு முன்னேயே தோகை விரித்தது. விஞ்ஞானி அதற்குக் காரணம் காட்டினார்; கண் திறந்த முதல் காலத்தில் எந்த உருவம் துணையாக இருந்ததோ அதையே தன் இனம் என்று பறவை கொள்கிறது. அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்துப் பண்ணை ஒன்றில் டஜன் கணக்கில் மயில் வளர்த்த எழுத்தாளர் பிளானரி ஓகானர் 1961-இல் அவற்றைப் பற்றி அருமையான கட்டுரை ஒன்று எழுதினார். அங்கே மயில்கள் மயில்களோடு கூட்டமாக வாழ்ந்தன. பூந்தோட்டத்தைத் தின்றன, வேலிமேல் ஏறின, எஜமானியைப் பொருட்படுத்தாமல் நடமாடின. அந்த அலட்சியத்தை அவர் மனமார நேசித்தார். கையில் வளர்ந்த தனி மயிலின் அன்பைவிட, தன் இனத்தோடு வாழும் மயிலின் அலட்சியமே மேல் என்பது என் அபிப்பிராயம். அம்மாளின் அப்பத்தாவும் அதையே எண்ணியிருக்க வேண்டும்.

மயிலுக்குக் கம்பளி போர்த்திய பேகனைப் புகழாத தமிழன் இல்லை. ஆனால் அவன் மயிலை அரண்மனைக்குத் தூக்கிச் செல்லவில்லை என்பதை நாம் எடுத்துச் சொல்வதில்லை. மலைச் சாரலிலேயே அதை விட்டுவிட்டு, தான் வெற்றுடம்போடு திரும்பினான் என்பதே அந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இன்று மயில் வளர்ப்பது குற்றம். 1963-இல் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்ட மயில், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. பிடித்தாலும் கொன்றாலும் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. இயல்பாக உதிர்ந்த இறகை வைத்திருக்கத் தடையில்லை. தமிழ்நாட்டில் மயில்கள் பெருகி, நெல்லையும் நிலக்கடலையையும் கொத்தித் தின்பதாக உழவர்கள் படும் அவதியும் மெய். அவர்களுக்கு ஈடு கொடுக்காமல் பறவையைப் போற்றச் சொல்வது நியாயம் ஆகாது. அதேபோல, ராஸ் தீவில் அழகாக இருக்கிற புள்ளிமான், அந்தமானின் பிற காடுகளில் இளஞ்செடிகளை மேய்ந்து காட்டின் மறுவளர்ச்சியையே குலைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கொண்டுவந்து விட்ட உயிர்களை நேசிக்கிறவன் இந்த உண்மையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளலாகாது. ராஸ் தீவில் உள்ளவற்றுக்கு அந்தச் சிறு தீவே எல்லையாக இருப்பது நல்லதே.

அம்மாளின் மயில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். அப்பத்தா ஒரு வழி செய்தாள். வீட்டில் தீனி வைப்பதை நிறுத்தி, மலையடிவாரத்தில் மயில்கள் மேயும் தரிசில், தினமும் அந்தி நேரத்தில் கம்பு இறைத்து வந்தாள். சிறுமி கூட வரக்கூடாது என்று கண்டிப்பு. முதலில் அது வீட்டுக்குத்தான் திரும்பியது. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடைசியில் மற்ற மயில்களோடு மரத்தில் அடைந்தது. “அழுதீங்களாம்மா?” என்றதற்கு, “அழுதேன். அப்பத்தாகிட்ட ஒரு மாசம் பேசல” என்று சொன்னாள்.

பெரியவர் அப்போது குறுக்கிட்டு, இப்போது தீவில் வேலை செய்யும் இளைஞன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். இடிந்த சுவருக்குப் பின்னால் ஒரு புதரில் சென்ற பருவத்தில் பெண்மயில் அடை கிடந்தது; அதை வெட்டாமல் விடும்படி அவனுக்குச் சொல்லியிருந்தார்; அவனும் விட்டான். ஆனால் ஆர்வத்தால் தினமும் எட்டிப் பார்க்கப் போனானாம். அதையும் நிறுத்தும்படி அவனிடம் சொல்லவேண்டும் என்றார். நாளைக் காலை முதல் படகில் அதற்காகவே போவதாகவும், அடுத்த பருவத்துக்கு முன் அந்தப் பையன் புதருக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கலாம் என்பதை நின்று காட்டிவிட்டு வரவேண்டும் என்றும் அக்காவிடம் சொன்னார். அவள், “இருபது அடி சொல்லு தம்பி, பத்து அடின்னா அவன் அஞ்சுக்குப் போயிருவான்” என்றாள்.