கரிசல் பிள்ளைகளின் கைகள்

கரிசல் காட்டுப் பிள்ளைகளின் கைகளைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தோம். கோவில்பட்டியைச் சுற்றி எட்டயபுரம், விளாத்திகுளம், சாத்தூர் என விரிந்து கிடக்கும் இந்தக் கறுப்பு மண்ணில் பிள்ளைகளின் கைகள் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை. அவை பருத்தி எடுத்தன, உளுந்து பிடுங்கின, விறகுக்கு வேலிக்கருவை வெட்டின, தீப்பெட்டி ஒட்டின. ஆகவே, ‘கையால் செய்து கற்கும் அறிவியல்’ என்று கல்வியாளர்கள் இன்று ஒரு புதுச் செய்தியைப் போல எடுத்துரைக்கும்போது, நம் ஊர்ப் பெரியவர்கள் சற்றே புன்னகைப்பது இயல்புதான். “எம்பிள்ளை கைக்கு வேலை குடுக்க ஆளா இல்ல? அந்தக் கைக்கு ஓய்வு கிடைக்கட்டும்னுதானே பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறோம்!” என்று தாய் ஒருவர் நம்மிடம் கேட்டார். அக்கேள்வி எளிதாகத் தள்ளிவிடக் கூடியதன்று. அதற்குப் பின்னே ஒரு வரலாறு நிற்கிறது.

1920-களில் சிவகாசியில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழில், மழை பொய்க்கும் இந்தப் பூமியில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் பரவியது. வானத்தை நம்பி வாழ்ந்த வீடுகளுக்கு வாரக்கூலி ஒரு பெரும் ஆறுதலாயிற்று. ஆயினும் அந்த ஆறுதலுக்கு விலையாகப் போனவை பிள்ளைகளின் கைகள். விடியுமுன்னே ஊர்தோறும் வண்டி வந்து நிற்க, தூக்கம் கலையாத சிறுமிகள் ‘தீப்பெட்டி ஆபீசு’க்கு ஏறிப் போன காலம் நம் நினைவுக்கு எட்டாத தொலைவில் இல்லை. இம்மண்ணின் எழுத்தாளர் பூமணி தாம் இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ திரைப்படத்தில் காட்டியது அந்தக் காலத்தைத்தான்.

அந்தக் கைகளை மீட்கும் முயற்சியும் இதே வட்டாரத்தில் தொடங்கியது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத்தக்கது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு வழங்கும் திட்டத்தை 1956-ஆம் ஆண்டில் முதலமைச்சர் காமராசர் தொடங்கி வைத்தது எட்டயபுரத்தில். பசித்த கையில் முதலில் சோறு இருக்க வேண்டும், பிறகுதான் பலகை, என்பதை அத்திட்டம் உணர்ந்திருந்தது. பின்னர் 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்டோரைத் தீப்பெட்டித் தயாரிப்பில் ஈடுபடுத்துவதைத் தடைசெய்தது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் தொடர்பாக எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட குழந்தை ஒவ்வொன்றுக்கும் முதலாளி 20,000 ரூபாயை நல நிதியில் செலுத்த வேண்டுமென்றது. இத்தனைக்கும் பிறகே கரிசல் பிள்ளையின் கை புத்தகத்தைத் தொட்டது.

தாயின் கேள்விக்கு இன்னொரு வேரும் உண்டு. 1953-ஆம் ஆண்டில் சென்னை மாநிலத்தில் இராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், கிராமப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. அது குலக்கல்வித் திட்டம் எனக் கண்டிக்கப்பட்டு, பெரும் எதிர்ப்புக்குப் பின் 1954-இல் கைவிடப்பட்டது. அன்றுமுதல் ‘கைவேலை’, ‘கல்வி’ என்னும் இரு சொற்களையும் ஒரே மூச்சில் கேட்டால் தமிழகத்து ஏழைத் தாய்க்கு ஐயம் எழுகிறது. அந்த ஐயம் நியாயமானதே. கையை மட்டும் பழக்கி மனத்தை உறங்கவிடும் எந்தப் பயிற்சியும் கல்வியாகாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? தீக்குச்சியையே எடுத்துக்கொள்வோம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித் தூள் முதலியன இருக்கின்றன. பெட்டியின் பக்கத்தில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போது எழும் சூட்டில் பாஸ்பரஸ் துணுக்கு எரிந்து, குச்சித் தலைக்குத் தீயைக் கொடுக்கிறது. தீயை இரண்டாகப் பிரித்துத் தனித்தனி இடத்தில் வைத்ததே இதன் பாதுகாப்பு. 19-ஆம் நூற்றாண்டில் சுவீடன் நாட்டில் உருவான இந்த நுட்பம், நம் ஊரில் ஆயிரக்கணக்கான பெண்களின் விரல்களுக்கிடையே நாள்தோறும் கடந்து சென்றது. ஆனால் அது ஏன் எரிகிறது என்று அந்த விரல்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, கேட்கவும் நேரமில்லை. கை ஓடியது, கேள்வி உறங்கியது.

அதே தீக்குச்சி வேறோர் இடத்தில் வேறு வேலை செய்தது. மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தில் 1978-ஆம் ஆண்டு சேர்ந்த அரவிந்த் குப்தா என்னும் பொறியாளர், தீக்குச்சிகளைச் சைக்கிள் வால்டியூப் துண்டுகளால் இணைத்து உருவங்கள் செய்யக் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தார். நான்கு குச்சிச் சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது. மூன்று குச்சி முக்கோணம் அசையாமல் நிற்கிறது. பாலங்களிலும் கூரைகளிலும் ஏன் முக்கோணம் வருகிறது என்பதைப் பிள்ளை தன் விரலால் அறிந்துகொள்கிறது. குச்சி ஒன்றே, ஓரிடத்தில் அது எண்ணிக்கையாகவும் கூலியாகவும் இருந்தது, மற்றோரிடத்தில் கேள்வியாயிற்று. இலண்டனில் கொல்லன் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் பட்டறையில் பழகுநராயிருந்த மைக்கேல் ஃபாரடே, 1860-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு மெழுகுவர்த்தியை முன்வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். அதற்கும் இதற்கும் உட்பொருள் ஒன்றுதான்: கையருகே இருக்கும் பொருளே ஆசிரியர்.

இந்த எண்ணத்தோடு இந்தியாவில் 1993 முதல் நடைபெற்று வருவது தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. பத்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் சிக்கல் ஒன்றைத் தாங்களே அளந்து, ஆய்ந்து, அறிக்கையாக்கி வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதை ஊர் ஊராகக் கொண்டுசென்றது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். நிலவளம், ஆற்றல், வானிலை எனக் காலத்துக்குக் காலம் பொதுத் தலைப்புகள் மாறும். இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒரு நோட்டும் பொறுமையும் போதும்.

இத்தகைய ஆய்வுகளைக் கேட்டு மதிப்பிட நாமும் சில ஆண்டுகள் அழைக்கப்பட்டிருக்கிறோம். அவற்றுள் ஒன்று மறக்கவொண்ணாதது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஐவர், தம் தெருவில் பதினொரு வீடுகளின் சுவர் விரிசல்களை ஆய்ந்திருந்தார்கள். விரிசலின் இருபுறமும் பென்சிலால் புள்ளி வைத்து, பங்குனி முதல் கார்த்திகை வரை பதினைந்து நாளுக்கொரு முறை ஸ்கேலால் அளந்து எழுதியிருந்தார்கள். வெயில் ஏற ஏற இடைவெளி கூடியது. ஐப்பசி மழைக்குப் பின் குறைந்தது. ஒரு வீட்டில் நான்கு மில்லிமீட்டர் அகன்றிருந்த விரிசல் மழைக்குப் பின் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே வந்திருந்தது. பிறகு கரிசல் மண்ணையும் அருகிலுள்ள செவல் மண்ணையும் தனித்தனியே குழைத்துப் பத்துச் சென்டிமீட்டர் நீளக் கட்டிகளாக்கிக் காயவைத்திருந்தார்கள். செவல் கட்டி பெரிதாகச் சுருங்கவில்லை. கரிசல் கட்டி ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர் குறைந்துவிட்டது.

“வீட்டுல எல்லாரும் கொத்தனார் தாத்தாவத்தான் திட்டுவாங்க சார். அவர் மேல தப்பில்ல. மண்ணு மூச்சு விடுது” என்றாள், அளவுகளை எழுதி வந்த சிறுமி. அவள் தாய் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்பவர்.

அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு பாடநூல் அடங்கியிருந்தது. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரில்லோனைட் வகைக் களிமண் நீரைத் தன் நுண்ணிய அடுக்குகளுக்குள் வாங்கி உப்பும்; நீரை இழந்து சுருங்கும். கோடையில் காட்டில் கால் புதையும் வெடிப்புகள் விழுவதும், மேல்மண் அந்த வெடிப்புகளில் விழுந்து நிலம் தன்னைத் தானே உழுதுகொள்வதும் இதனாலேயே. பருத்திக்கு ஈரம் காத்துத் தரும் அதே குணம், ஆழமில்லாத அடித்தளத்தின்மேல் எழுந்த ஏழை வீட்டின் சுவரைப் பிளக்கிறது. இத்தகைய மண்ணுக்கென்றே ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், ஆழத்தில் குமிழ்போல் விரிந்து நிற்கும் தூண் அடித்தளத்தை உருவாக்கியிருக்கிறது. பல ஆண்டுகளாக ஒரு தெரு தாங்கிய மனத்தாங்கலை ஒரு ஸ்கேலும் ஒரு நோட்டும் தீர்த்துவைத்தன. வீண்பழி சுமந்த ஒரு முதியவரின் பெயரை ஒரு சிறுமியின் கை துடைத்தது. அறிவியல் நீதியோடு கைகோக்கும் இடம் இது என்று நமக்குத் தோன்றியது.

எனினும் இவ்வியக்கங்களில் காணும் குறைகளையும் நாம் மூடி மறைக்கலாகாது. பல கண்காட்சிகளில் மேசைமேல் நிற்பவை கடையில் வாங்கிய மாதிரிகள், தெர்மாகோல் எரிமலைகள், ஆசிரியரோ தந்தையோ இரவில் கண்விழித்துச் செய்தவை. பிள்ளையின் வேலை, பக்கத்தில் நின்று மனப்பாடமாய் ஒப்பிப்பது மட்டுமே. கை பேசாமல் வாய் மட்டும் பேசும் அந்தக் காட்சிக்கே சில வேளைகளில் பரிசும் கிடைக்கிறது. மாநாட்டின் தொடக்க ஆண்டுகளில் ஐவர் கொண்ட குழுவிலிருந்து தேசிய அரங்குக்குக் குழுத்தலைவர் மட்டுமே செல்ல முடிந்தது. செலவைக் கருதிய ஏற்பாடு அது, குறை சொல்வதற்கில்லை. ஆயினும் மேடையில் நன்றாகப் பேசும் பிள்ளையே தலைவராவதும், மாதக்கணக்கில் அளந்து எழுதிய அமைதியான பிள்ளை ஊரிலேயே நின்றுவிடுவதும் எண்ணிப் பார்க்க வேண்டியவை.

அரசும் இத்துறையில் கருத்துச் செலுத்தியிருக்கிறது. நடுவண் அரசு 2016-இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின்கீழ் தேர்ந்தெடுக்கப்படும் பள்ளிக்கு, முப்பரிமாண அச்சுப்பொறி, உணர்கருவிகள் முதலியவற்றோடு ஆய்வுக்கூடம் அமைக்க 20 லட்சம் ரூபாய் வரை வழங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2022 நவம்பர் 28-ஆம் நாள் திருச்சியில் தொடங்கிய ‘வானவில் மன்றம்’, 13,210 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென அமைந்தது. பரிசோதனைப் பொருள்களுடன் கருத்தாளர்கள் இருசக்கர வண்டியில் பள்ளிகளுக்கே சென்று செய்து காட்டுவது அதன் முறை. முன்னதற்கு இடவசதியும் மின்வசதியும் உள்ள பள்ளி வேண்டும். பின்னது கூரை ஒழுகும் பள்ளிக்கும் போய்ச் சேரக் கூடியது. நமக்குப் பின்னதன்பால் மனம் சாய்கிறது.

ஆனால் எட்டாம் வகுப்போடு வானவில் மறைந்துவிடுகிறது. ஒன்பதிலும் பத்திலும் அரசுப் பொதுத்தேர்வின் நிழல் படர்கிறது. நாம் மேலே சொன்ன சிறுமியின் நோட்டும் அவள் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் நின்றுபோயிற்று. மதிப்பெண் குறைந்துவிடும் என்று பள்ளி அஞ்சியது; வீடும் அஞ்சியது. அந்த அச்சத்தை நாம் பழிக்க மாட்டோம். மதிப்பெண்தான் தீப்பெட்டி ஆபீசிலிருந்து வெளியேறும் கதவு என்று அவர்கள் அறிந்திருக்கிறார்கள். எனினும் கேள்வி கேட்கப் பழகிய கையை மறுபடியும் எழுதும் இயந்திரமாக்கிவிட்டால், நாம் மீட்டெடுத்தது எதனை?

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் செய்யக் கூடியவை பல உண்டு. நம் பள்ளி ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானி இருக்கட்டும். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட புட்டியின் மேற்பகுதியை அறுத்துப் புனலாகக் கவிழ்த்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினால் போதும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர். அப்படியானால் 25 மில்லிமீட்டர் பெய்த ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர் விழுந்திருக்கிறது! அந்தக் கணக்கைத் தானே போட்ட பிள்ளை, ஊர்க் கண்மாயை இனி வேறு கண்ணோடு பார்க்கும். உருளைக்குடிக் கண்மாயை மையமாக்கிச் ‘சூல்’ என்னும் நாவலை எழுதி 2019-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சோ. தர்மன் கேட்ட கேள்வியும் அதுதானே: வந்த தண்ணீர் எங்கே போயிற்று?

கோவில்பட்டியில் 1901 முதல் மானாவாரிப் பயிர்களை ஆராய்ந்து வரும் வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பொறியியல் கல்லூரி இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல நெடும்பயணம் வேண்டியதில்லை. சனிக்கிழமை பிற்பகலில் பூட்டிக் கிடக்கும் பங்கு மன்றங்களும் நூலகங்களும் நம்மிடம் உண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பஞ்சாலையில் பணியாற்றிய மெக்கானிக் ஒருவர், கிணறு வெட்டிய பெரியவர் ஒருவர், இம்மூவரும் முன்வந்தால் அங்கே ஒரு மன்றம் பிறந்துவிடும். பள்ளிப் படிப்பை முடிக்காத இடைசெவல் கி. ராஜநாராயணன், ஊர் மக்களின் பேச்சைக் காதால் கேட்டுக் கையால் குறித்து வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தந்த மண் இது. உற்று நோக்கிக் குறித்துவைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று.

கேள்வி கேட்ட தாய்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: அம்மா, உங்கள் பிள்ளையின் கைக்கு ஓய்வு வேண்டுமென்பது மெய். ஆனால் அந்தக் கைக்கு ஓய்வினும் மேலான ஒன்று கடனாக இருக்கிறது. இதுவரை அது பிறர் சொன்னதைச் செய்தது. இனி அது தனக்கே தோன்றிய ஒன்றைச் செய்து பார்க்கட்டும்; தவறினால் மறுபடியும் செய்யட்டும். கூலிக்காக அல்லாமல், அறிய வேண்டும் என்பதற்காகவே ஒரு பொருளைத் தொடும் உரிமை வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு என்றும் இருந்திருக்கிறது. அந்த உரிமை கரிசல் பிள்ளைக்கும் வரவேண்டும். அது வந்து சேரும் நாளில்தான் நாம் அந்தக் கைகளை உண்மையாகவே விடுவித்தவர்கள் ஆவோம்.